சிக்னலும் டிஜிட்டல் என்கோடிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுத் தொடர்பு படிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் மொத்தமாகப் பதினெட்டு இருக்கும். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் அலை வரைந்து காட்டுவதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. தரவு, சிக்னல் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேர்?

ஒன்றல்ல. தரவு என்பது சொல்ல வேண்டிய சேதி. சிக்னல் என்பது அதைச் சுமந்து போகிற வோல்டேஜோ, ஒளியோ, ரேடியோ அலையோ. 'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: 11100000 10101110 10000101. இது தரவு. இதே 24 பிட் செப்புக் கம்பியில் வோல்டேஜ் ஏற்ற இறக்கமாகப் போகலாம், கண்ணாடி இழையில் வெளிச்சம் கூடிக் குறைவதாகவும் போகலாம். தரவு அதேதான், சிக்னல் வேறு.

இந்த முதல் பைட்டை, அதாவது 11100000-ஐ, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று 1, அப்புறம் ஐந்து 0. கீழே பல இடங்களில் இதையே எடுத்து உரசிப் பார்க்கப் போகிறோம்.

2. தரவு டிஜிட்டல்னா சிக்னலும் டிஜிட்டலாத்தான் இருக்கணுமா?

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. வைஃபையில் போவது டிஜிட்டல் தரவு, ஆனால் காற்றில் பரவுவது அனலாக் ரேடியோ அலை. இந்த வேலைக்கு மாடுலேஷன் என்று பெயர். தலைகீழாகவும் நடக்கும்: பேச்சு அனலாக், ஆனால் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகம் அதை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக்கி, 64,000 பிட்டாக அனுப்புகிறது.

இந்தப் பக்கம் பெரும்பாலும் டிஜிட்டல் தரவை டிஜிட்டல் சிக்னலாக மாற்றுவது பற்றித்தான். அதை லைன் கோடிங் என்பார்கள். ரகசியக் குறியாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

3. அப்போ கம்பிக்குள்ள நிஜமாவே 0, 1 ஓடுதா?

ஓடுவது வோல்டேஜ் மட்டும்தான். எந்த வோல்டேஜுக்கு எந்த பிட் என்பது இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. பழைய ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்டில் −3 முதல் −15 வோல்ட் வரை இருந்தால் 1, +3 முதல் +15 வரை இருந்தால் 0. "பெரிய வோல்டேஜ்னா 1" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே முதல் தடவை கண்டிப்பாகத் தடுமாறுவார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன்.

−3-க்கும் +3-க்கும் இடையே ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள்? இரைச்சலுக்கான இடம் அது. வழியில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் 0 என்பது 1 ஆகிவிடாது. டிஜிட்டலின் பலமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

4. புத்தகத்துல சதுரமா இருக்கிற அலை, ஆசிலோஸ்கோப்ல பார்த்தா ஏன் மூலை மழுங்கித் தெரியுது?

சதுர அலை என்பது பல சைன் அலைகளின் கூட்டு. நொடிக்கு 1000 பிட் வேகத்தில் 10101010 என்று அனுப்பினால் அடிப்படை அலைவெண் 500 ஹெர்ட்ஸ். அதோடு 1500 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், 2500 ஹெர்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் என்று முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். மூலையைக் கூர்மையாக்குவது அந்த உயர் அலைவெண்கள்தான்.

கம்பி எல்லா அலைவெண்ணையும் ஒரே மாதிரி விடுவதில்லை. உயர்ந்தவை அதிகம் தேய்கின்றன. தேய்ந்தபின் மிஞ்சுவதுதான் நீங்கள் திரையில் பார்க்கும் மழுங்கல். அதனால் பெரிய நஷ்டமில்லை. ரிசீவர் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டால் போதும். மூலை எப்படி இருந்தால் அதற்கென்ன.

5. பிட் ரேட்டும் பாட் ரேட்டும் ஒண்ணுதானே?

சில சமயம் ஒன்று, பல சமயம் இல்லை. பாட் என்பது சிக்னல் ஒரு நொடியில் எத்தனை தடவை புதிய நிலை எடுக்கலாம் என்ற கணக்கு. தந்திக் குறியீடு கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் எமில் பாடோவின் பெயரிலிருந்து வந்தது. ஒரு நிலைக்கு ஒரு பிட் என்றால் இரண்டும் சமம். நான்கு வோல்டேஜ் மட்டம் வைத்தால் ஒரு நிலைக்கு இரண்டு பிட், அப்போது பிட் ரேட் பாட்டைப் போல இரண்டு மடங்கு.

மறுபக்கமும் உண்டு. மான்செஸ்டர் என்ற என்கோடிங் முறையில் (பன்னிரண்டாவது பதிலில் வரும்) ஒரு பிட்டுக்கு இரண்டு நிலை தேவை. 10 மெகாபிட் ஈதர்நெட் கம்பியில் 20 மெகாபாட் ஓடுகிறது. 'பாட் எப்போதும் பிட் ரேட்டைவிடக் குறைவு' என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

6. 1-க்கு ஒரு வோல்டேஜ், 0-க்கு ஒரு வோல்டேஜ். அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இத்தனை முறை?

நீங்கள் சொல்வதற்கும் பெயர் இருக்கிறது: என்ஆர்இசட்-எல். பிட் முடியும்வரை மட்டம் அப்படியே நிற்கும், நடுவில் பூஜ்யத்துக்குத் திரும்பாது. மோசமான முறையில்லை, சின்னத் தூரத்துக்கு இன்றும் இதுதான் ஓடுகிறது.

சிக்கல் எங்கே என்று பார்க்க நம் பைட்டையே சீரியல் போர்ட்டில் 9600 பாட் வேகத்தில் அனுப்பலாம். சிப்பின் காலில் ஆசிலோஸ்கோப் முனையை வைத்துப் பாருங்கள். இந்தப் போர்ட் கடைசி பிட்டை முதலில் அனுப்பும், முன்னால் தொடக்க பிட்டாக ஒரு 0, பின்னால் முடிவு பிட்டாக ஒரு 1 சேர்க்கும். ஆக வரிசை: 0 00000111 1. திரையில் என்ன தெரியும்? கோடு கீழே இறங்கி 625 மைக்ரோ நொடி அசையாமல் கிடக்கும், அப்புறம் மேலே போய் நிற்கும். அவ்வளவுதான். அந்தத் தட்டையான கோட்டில் ஆறு 0 இருக்கிறது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. 'ஒரு பிட் 104 மைக்ரோ நொடி' என்று முன்கூட்டியே தெரிந்த ரிசீவர் தன் க்ளாக்கை வைத்து எண்ணினால்தான் ஆறு. அதே ரிசீவரை 4800-இல் வைத்தால் மூன்று என்று எண்ணும். டெர்மினலில் குப்பை எழுத்தாகக் கொட்டுவது இப்படித்தான்.

இந்தப் பாடத்தின் முதல் கேள்வியே 'பிட் எங்கே தொடங்குகிறது என்று ரிசீவருக்கு எப்படித் தெரியும்' என்பதுதான். வோல்டேஜ் பிட்டின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. நேரத்தைச் சொல்ல வேறு வழி வேண்டும்.

7. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தை செட் பண்ணிட்டா முடிஞ்சுதே?

முந்தின பதிலில் இருந்த சீரியல் போர்ட்டுக்கு முடிந்தது. ஒவ்வொரு பைட்டின் தொடக்க பிட்டிலும் அது எண்ணிக்கையைப் புதிதாக ஆரம்பிக்கிறது. முடிவு பிட்டின் நடுவை அடைய ஒன்பதரை பிட் நேரம். அதற்குள் அரை பிட் நழுவாமல் இருந்தால் போதும். இரண்டு க்ளாக்குக்கும் கிட்டத்தட்ட 5 சதவீத வித்தியாசம்வரை கணக்குப்படி தாங்கும், நடைமுறையில் இன்னும் குறைவு.

ஆயிரக்கணக்கான பிட்டுகளை விடாமல் அனுப்பும்போதுதான் வம்பு. க்ளாக்கை ஓட்டும் இரண்டு படிகங்கள் துல்லியமாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் அந்த அளவு நழுவி, 5000-வது பிட்டில் அரை பிட் தள்ளிப்போய்விடும். அதற்குப் பிறகு பக்கத்து பிட்டைத்தான் படிப்பீர்கள். 1518 பைட் உள்ள ஒரு ஈதர்நெட் ஃபிரேம், அதாவது ஒரே மூச்சில் போகும் தரவுக் கட்டு, 12,144 பிட். பாதி தாண்டுவதற்குள் கதை முடிந்தது. ஆகவே சிக்னலில் தாவல் வரும்போதெல்லாம், அதாவது மட்டம் மாறும்போதெல்லாம், ரிசீவர் தன் க்ளாக்கைச் சரிசெய்துகொள்கிறது. தாவல் வராவிட்டால் சரிசெய்ய எதுவும் இல்லை.

8. க்ளாக்குக்குத் தனியா ஒரு கம்பி போட்டா என்ன?

போடலாம், போடுகிறார்கள். ஒரே போர்டுக்குள் சிப்புகள் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ அப்படித்தான். நூறு மீட்டர் கேபிளில் செலவு கூடும். தரவும் க்ளாக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேரும், அது இன்னும் பெரிய தொல்லை. க்ளாக்கைத் தரவுக்குள்ளேயே கலந்து அனுப்புவது மேல்.

9. என்ஆர்இசட்-எல், என்ஆர்இசட்-ஐ: ஒரு எழுத்துதான் மாறுது. அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

எல் முறையில் பிட்டைச் சொல்வது மட்டம். ஐ முறையில் சொல்வது தாவல்: 1 வந்தால் மட்டத்தை மாற்று, 0 வந்தால் அப்படியே விடு. நம் 11100000-ஐ கீழ் மட்டத்திலிருந்து ஆரம்பித்தால் மேல், கீழ், மேல், அப்புறம் ஐந்து பிட்டுக்கு மேலேயே நிற்கும். தொடர்ந்து 1 வரும் சிக்கல் தீர்ந்தது, தொடர்ந்து 0 வரும் சிக்கல் மிச்சம்.

ஐ முறையில் கூடுதலாக ஒரு லாபம்: இரண்டு கம்பியை யாராவது மாற்றிச் செருகினாலும் தரவு கெடாது. மேல் கீழாகும், ஆனால் தாவல் தாவலாகவே இருக்கும்.

10. யூஎஸ்பி பத்திப் படிச்சப்போ 0-க்குத்தான் தாவல்னு போட்டிருக்கே. யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. யூஎஸ்பி 1, 2 பதிப்புகளில் 0 என்றால் தாவல், 1 என்றால் சும்மா. எது தாவல் என்பது வெறும் ஏற்பாடு. அங்கே தொடர்ந்து 1 வந்தால் ஆபத்து என்பதால், ஆறு 1 வரிசையாகப் போனதும் அனுப்புகிற பக்கம் ஒரு 0-ஐத் திணிக்கும். வாங்குகிற பக்கம் அதைக் கழற்றிவிடும். பிட் ஸ்டஃபிங் என்பது இதுதான்.

11. டிசி காம்பொனென்ட் கூடாதுன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. இருந்தா என்ன குடி முழுகிடும்?

டிசி காம்பொனென்ட் என்றால் சிக்னலின் சராசரி வோல்டேஜ் பூஜ்யமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. ஈதர்நெட் செப்புக் கேபிளின் இரண்டு முனையிலும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஒரு கருவியின் மின்கோளாறு இன்னொன்றுக்குப் பாயாமல் அது தடுக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றம் மட்டும்தான் தெரியும். நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும் சிக்னலை உள்ளே விட்டால், மறுபக்கம் அது மெல்ல மெல்ல பூஜ்யத்தை நோக்கிச் சரியும். ரிசீவர் மேல், கீழ் என்று பிரிக்கும் கோடே நகர்ந்துவிடும். ஆறாவது பதிலில் நேரம் தொலைந்தது, இங்கே மட்டமே தொலைகிறது. நோய்கள் இரண்டு என்றாலும் மூலம் ஒன்றுதான்: நெடுநேரம் மாறாத சிக்னல்.

12. மான்செஸ்டர்ல 1-க்கு மேலயா கீழயா? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு மாதிரி வரைஞ்சிருக்கே!

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. இரண்டு மரபு இருக்கிறது. ஈதர்நெட்டுக்கான ஐஇஇஇ 802.3 தரத்தில் பிட்டின் நடுவே கீழிருந்து மேலே போனால் 1, மேலிருந்து கீழே வந்தால் 0. ஜி. இ. தாமஸ் பெயரில் வழங்கும் மரபில் இது நேர்மாறு. தேர்வில் எந்த மரபு என்று முதல் வரியில் எழுதிவிட்டு வரையுங்கள்.

நம் பைட்டை 802.3 மரபில் அரை அரை பிட்டாக எழுதினால் 01 01 01 10 10 10 10 10. உற்றுப் பாருங்கள்: மூன்றாவது பிட் மேலே முடிகிறது, நான்காவது மேலேயே தொடங்குகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் துடிப்பு ஒரு முழு பிட் அகலம், உள்ளே மற்ற எல்லாம் அரை பிட் அகலம். பிட் 1-லிருந்து 0-க்கோ 0-லிருந்து 1-க்கோ மாறும் இடத்தில்தான் அகலத் துடிப்பு வரும். திரையில் மான்செஸ்டரைக் கண்ணாலேயே படிக்க எனக்குத் தெரிந்த ஒரே குறுக்கு வழி இதுதான்.

13. பிட் நடுவுலயும் தாவல், பிட் எல்லையிலயும் தாவல். எது எதுன்னு ரிசீவருக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, குறைவாகத்தான் வரும். ஒரே பிட் தொடர்ந்து வந்தால் எல்லையிலும் தாவல் இருக்கும், அப்போது நடு எது எல்லை எது என்று வெறும் அலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 10101010 என்று மாறி மாறி வந்தால் எல்லையில் தாவலே இருக்காது. நடுவில் மட்டும்தான். ஈதர்நெட் ஃபிரேமுக்கு முன்னால் ஏழு பைட் நீளத்துக்கு இப்படி மாறி மாறி வரும் பிட்டுகளை அனுப்புவது இதற்காகத்தான். அந்த நேரத்தில் ரிசீவர் நடுவைப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் விடுவதில்லை.

14. டிஃபரென்ஷியல் மான்செஸ்டர்?

ஒன்பதாவது பதிலையும் பன்னிரண்டாவது பதிலையும் சேர்த்துக் குழைத்தது. நடுவில் தாவல் எப்போதும் உண்டு, அது க்ளாக்குக்கு. பிட்டின் தொடக்கத்தில் தாவல் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வொர்க் இதைப் பயன்படுத்தியது. கம்பி மாறிச் செருகப்பட்டாலும் கவலையில்லை.

15. மான்செஸ்டர் எல்லாத்தையும் தீர்த்துடுதே, அப்புறம் ஏன் கைவிட்டாங்க?

விலை அதிகம். ஐந்தாவது பதிலில் பார்த்ததுபோல் ஒரு பிட்டுக்கு இரண்டு நிலை, அதாவது இரட்டிப்பு பேண்ட்வித் (சிக்னலுக்குத் தேவைப்படும் அலைவெண் அகலம்). 100 மெகாபிட்டுக்கு 200 மெகாபாட் ஓட்ட வேண்டியிருக்கும், சாதாரணச் செப்புக் கேபிளுக்கு அது சுமை. தாவல் வேண்டும்தான், ஆனால் ஒவ்வொரு பிட்டிலும் எதற்கு? மூன்று நான்கு பிட்டுக்கு ஒன்று வந்தாலே க்ளாக் பிழைத்துக்கொள்ளும்.

அப்படி வந்ததுதான் 4பி/5பி. நான்கு பிட்டை எடுத்து, அதற்குப் பதிலாக ஐந்து பிட் அனுப்பு. ஐந்து பிட்டில் 32 சேர்க்கை கிடைக்கிறது, தரவுக்குத் தேவை 16 மட்டும். 0 அதிகம் உள்ளவற்றை ஒதுக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்தவற்றை எந்த வரிசையில் ஒட்டினாலும் மூன்றுக்கு மேல் 0 சேர்ந்து வராது. நம் பைட்டில் 1110 என்பது 11100 ஆகிறது, 0000 என்பது 11110 ஆகிறது. வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது: 100 மெகாபிட்டுக்கு 125 மெகாபாட்.

தொடர்ந்து 1 வந்தால்? அதற்குத்தான் அடுத்த கட்டமாக ஐ முறை போல் 1-க்குத் தாவும் ஒன்றை வைப்பது. கண்ணாடி இழையில் ஐ முறையே. செப்பில் எம்எல்டி-3: பூஜ்யம், மேல், பூஜ்யம், கீழ் என்று ஒவ்வொரு 1-க்கும் ஒரு படி. ஒரு சுற்று முடிய நான்கு 1 வேண்டும் என்பதால் அடிப்படை அலைவெண் அதிகபட்சம் 31.25 மெகாஹெர்ட்ஸ்தான்.

16. 8பி/10பி, 64பி/66பி-ன்னு போய்க்கிட்டே இருக்கே, எல்லாம் ஒரே தந்திரமா?

8பி/10பி கிட்டத்தட்ட அதே தந்திரம்தான், கூடவே பதினொன்றாவது பதிலின் நோய்க்கும் மருந்து. ஐபிஎம்மில் விட்மரும் ஃப்ரானாசெக்கும் 1983-இல் வெளியிட்டார்கள். அனுப்பிய 1-களுக்கும் 0-களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கு வைத்து, ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த குறியீட்டில் எதிர்ப்பக்கம் சாய்க்கும். 20 சதவீதம் இதற்கே போகிறது: 5 கிகாபிட் என்ற யூஎஸ்பி 3.0-வில் உண்மைத் தரவு 4 கிகாபிட்.

64பி/66பி வேறு மனப்பாங்கு. 64 பிட்டுக்கு முன்னால் 01 அல்லது 10 என்று இரண்டே பிட். ஒரு தாவல் உறுதி. மீதியை ஸ்க்ராம்ப்ளர் கலைத்துப் போடுகிறது, நீண்ட 0 வரிசை வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்ற நம்பிக்கையில். ஆம், நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை. எனக்கு முதலில் இது உறுத்தியது. 10 கிகாபிட் ஈதர்நெட் இதை வைத்துக்கொண்டு ஜாம்ஜாம் என்று ஓடுகிறது.

17. மட்டங்களைக் கூட்டிக்கிட்டே போனா வேகமும் கூடுமே? ஏன் ஆயிரம் மட்டம் வைக்கலை?

ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் காட்டியதிலிருந்து வருகிற கணக்குப்படி, இரைச்சலில்லாத தடத்தில் பேண்ட்வித்தைப் போல இரண்டு மடங்கு பாட் அனுப்பலாம். 3100 ஹெர்ட்ஸ் தொலைபேசித் தடத்தில் 6200 பாட். இரண்டு மட்டம் என்றால் 6200 பிட், நான்கு என்றால் 12,400. மட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு நிலைக்கு ஒரே ஒரு பிட்தான் கூடும் என்பதைக் கவனியுங்கள்.

இரைச்சல் இருக்கிறதே. மூன்றாவது பதிலில் சொன்ன இடைவெளி, மட்டம் கூடக் கூடச் சுருங்கும். எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு க்ளாட் ஷானன் 1948-இல் எல்லை போட்டார்: சிக்னலை இரைச்சலால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 2-அடிமான மடக்கை எடுத்து, பேண்ட்வித்தால் பெருக்கு. சிக்னல்-இரைச்சல் விகிதம் 35 டெசிபெல் என்றால், அதாவது சுமார் 3162 மடங்கு, 3100 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பது சுமார் 36,000 பிட். எத்தனை மட்டம் வைத்தாலும் அதற்கு மேல் பிழையின்றிப் போகாது.

18. அப்படின்னா 56கே மோடம் எப்படி ஓடிச்சு? ஷானன் தப்பா?

ஷானன் சரி, நாம் போட்ட எண்கள் வேறு தடத்துக்கானவை. மோடம் என்பது தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தில் சேர்த்த பெட்டி. பழைய மோடமின் சிக்னல் இணைப்பகத்தில் அனலாக்கிலிருந்து டிஜிட்டலாக மாறும்போது, இரண்டாவது பதிலில் பார்த்த அந்த 8 பிட் அளவீட்டில், முழுமையாக்கும் பிழை சேரும். அதுவும் இரைச்சல்தான். 56கே-யில் இணைய நிறுவனத்தின் பக்கம் இணைப்பே டிஜிட்டல். அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அனலாக்கை டிஜிட்டலாக்கும் கட்டமே இல்லை, ஆகவே அந்த இரைச்சலும் இல்லை. நொடிக்கு 8000 நிலை, நிலைக்கு 7 பிட்: 56,000.

மேலே அனுப்பும் திசையில் அந்தக் கட்டம் இருந்தது. அதனால்தான் வி.90 என்ற 56கே தர மோடமில் இறங்குவது 56, ஏறுவது 33.6.